தோளில் குடிவந்த மாமியார்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அந்தப் பார்லரின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, அன்றைக்கு மட்டும் ஓய்வெடுக்கிற ஒரு டிரையர். வாரம் முழுக்க ஊரார் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமியாரும் மருமகளும் அன்று ஒரு மணி நேரம் தங்கள் தலையைக் கவனிப்பார்கள். மாமியாருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் பெரிய மேடம். மருமகளுக்கு, அவள் தலைமுடியைப் பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் சுருட்டை. அந்த முடியை நேராக்கப் போய் இரண்டு மிஷின் புகைந்து போனதாகப் பெரிய மேடம் சொல்வதுண்டு. அதில் ஒன்று பொய்.

பெரிய மேடம் எண்ணெயைச் சூடு பண்ணி, மருமகளின் உச்சியில் வைத்து, உச்சியிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தோள் என்று விரல்களை இறக்குவார். அந்த நேரத்தில் சுருட்டைக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. ஷட்டருக்கு அடியில் புகுந்த வெயில் தரையில் மெல்ல நகரும். கண்ணாடிக்குள் இன்னொரு வெயில் எதிர்ப்பக்கமாக நகரும். அவள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ மிதந்துகொண்டிருப்பாள். மீதி ஆறு நாளும் 'பிரஷ்ஷை எங்கே வச்ச, டவலை ஏன் இப்படி மடிச்ச' என்று தன்னைப் பிய்த்து எடுப்பதும் இதே கைக்குச் சொந்தக்காரர்தான் என்பது மறந்தே போகும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய மேடத்தின் கட்டைவிரல் வலது தோளின் பின்பக்கம் ஓர் இடத்தில் நின்றது.

"என்னடி இது, பட்டாணி மாதிரி?"

"எது அத்தை?"

"இதோ. அழுத்தினா வலிக்குதா?"

"இல்லையே. சுகமா இருக்கு. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க."

"வேலைக் கட்டி," என்று தீர்ப்புச் சொன்னார் பெரிய மேடம். "கத்தரி பிடிக்கிற தோளுக்கு இதெல்லாம் சகஜம். எனக்கும் வந்துச்சு, பிசைஞ்சே கரைச்சேன்."

அது உண்மைதான். நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடி நிற்கிறவர்களுக்குத் தோளில் தசை முடிச்சு விழும். ஒருவருக்கொருவர் பிசைந்து விட்டுக்கொள்வார்கள். அந்தத் தொழிலில் யாரும் அதற்காக டாக்டரிடம் போனதில்லை. ஆகவே வாராவாரம் அந்தப் பட்டாணிக்குத் தனி கவனிப்பு நடந்தது. எண்ணெய் என்ன, ஒத்தடம் என்ன, கட்டைவிரலை ஊன்றி வட்டமாகத் தேய்ப்பது என்ன! பட்டாணி கரையவில்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி கோலிக்குண்டாயிற்று, பிறகு பாக்கெட்டில் போட முடியாத கோலிக்குண்டாயிற்று.

பெரிய மேடத்துக்கு எதையும் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். வளர்கிறதா, வெட்டு, வெட்டினால் சீராகும். முப்பது வருஷம் முடியோடு குடித்தனம் நடத்தியவருக்கு வேறென்ன தோன்றும்? தெருமுனை கிளினிக்குக்கு அவர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த டாக்டர் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டி. அரை மணி நேர வேலை" என்றார். சுருட்டையின் கணவன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறவன். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல். போனில் கேட்டதற்கு, "அம்மா சொன்னா செஞ்சுடேன்" என்றான். கப்பலில் இருக்கிறவனுக்குக் கரையில் நடப்பதெல்லாம் சின்னதாகத்தான் தெரியும்.

சுருட்டை வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். ஏனென்று கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை. அதனால் போய்ப் படுத்தாள்.

தோளை மட்டும் மரத்துப்போக வைத்திருந்ததால் காது விழித்தே இருந்தது. "விட மாட்டேங்குதே," என்று டாக்டர் முணுமுணுப்பது கேட்டது. கொழுப்பாக இருந்திருந்தால் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். இது வெள்ளை வெளேரென்று, ரப்பர் மாதிரி, தசைக்குள் கையையும் காலையும் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது. வந்தவரைக்கும் அறுத்து எடுத்து, வாளியில் போட்டு, தைத்து அனுப்பினார். அந்தத் துண்டை ஒரு பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்தவருக்கோ சாப்பாட்டு நேரம் தாண்டிப்போயிருந்தது. இப்போது நினைத்தாலும், கதை சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

தையல் ஆறியது. தையலுக்கு அடியில் அது திரும்பி வந்தது. முன்னைவிடப் பெரிதாக, முன்னைவிட அவசரமாக. வலது கையைத் தூக்கினால் விரல் நுனிவரை எறும்பு ஊர்ந்தது. வாடிக்கையாளரின் உச்சி முடியைப் பிரித்து எடுக்கக் கை எட்டவில்லை. "கொஞ்சம் குனிஞ்சுக்குங்க, இன்னும் கொஞ்சம்," என்று கெஞ்சிக் கெஞ்சியே ஒரு வாரம் ஓட்டினாள். வேறு வேலை தெரியாது என்பதில்லை, அவளுக்கு வேறு எந்த வேலையும் பிடிக்காது. ஈரமுடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கத்தரி அதில் 'நறுக்'கென்று இறங்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருப்பது. அந்தக் கை போய்விடுமோ என்ற பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில், இந்த மாதிரிக் கட்டிகளையே பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். குள்ளமான உருவம், ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ. தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு முதல் கேள்வியே, "போன தடவை எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினாங்களா?" என்பதுதான்.

"இல்லைங்க."

டாக்டரம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. படுத்த பலகை அவளைத் தலையோடு குழாய்க்குள் கொண்டுபோயிற்று. காதை அடைத்தும் அடங்காத தட்டல். டக் டக் டக் என்று கொஞ்ச நேரம், பிறகு யாரோ துளை போடுகிற மாதிரி, பிறகு மறுபடி டக் டக். முதலில் பயந்தாள். பிறகு அந்தத் தட்டலே தாலாட்டாகிவிட்டது. கண் செருகியது. கனவில் பார்லர் முழுக்க முழங்கால் அளவு வெதுவெதுப்பான தண்ணீர். நாற்காலிகளில் வாடிக்கையாளர்கள் தூங்குகிறார்கள். அவர்கள் கூந்தல் எல்லாம் தண்ணீரில் நீளமாக மிதந்து ஒன்றோடொன்று கலக்கிறது. யாரோ ஷட்டரைத் தட்டுகிறார்கள். "யாரது, வெளியே?" என்று கேட்டாள். "வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கேன்," என்று பதில் வந்தது. குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபோது பலகை அவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்து ஊசி. தடித்த ஊசி, உள்ளே போய் ஸ்டேப்ளர் மாதிரி 'டக்'கென்று கடிக்கும். வெள்ளை நூல் துண்டு மாதிரி நாலைந்து துணுக்கு வந்தது. இந்தத் தடவை அத்தனையும் பத்திரமாகப் பாட்டிலுக்குள் போயிற்று. அதை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துச் சொல்ல நாள் பிடிக்கும் என்றார்கள். சாயம் ஏற நேரம் பிடிக்கும் என்பதைப் பார்லர்காரர்களுக்கா சொல்லித்தர வேண்டும்? காத்திருந்தார்கள். அந்த நாட்களில் புற்று என்ற சொல்லைக் கடையில் யாரும் உச்சரிக்கவில்லை. பெரிய மேடம் பிரஷ்ஷைப் பற்றிக் கேட்கவில்லை, டவலைப் பற்றியும் கேட்கவில்லை. சுருட்டைக்கு அதுதான் குலை நடுக்கம் கொடுத்தது.

முடிவு சொல்லும் நாளில் இருவரும் டாக்டரம்மா முன்னால் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"புற்றுநோய் இல்லை," என்றார் டாக்டரம்மா.

"அப்பாடா!" என்றார் பெரிய மேடம்.

"முழு அப்பாடா சொல்லிடாதீங்க. பாதி சொல்லுங்க. இதுக்கு டெஸ்மாய்டுன்னு பேரு. அபூர்வமாத்தான் வரும். இது வேற எங்கேயும் பரவாது. நுரையீரல், கல்லீரல்னு ஊர் சுத்தாது. இருக்கற வீட்டை விட்டு நகராது. ஆனா அந்த வீட்டுல அக்கம்பக்கத்தை நெருக்கும். தசை, நரம்புன்னு எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கும். எப்ப வளரும், எப்ப அடங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. பிடிச்சு வெளியே தள்ளினா, பல பேருக்குக் கோவிச்சுக்கிட்டு இன்னும் பெருசா திரும்பி வரும்."

"மாமியார்னு சொல்லுங்க டாக்டர்," என்றாள் சுருட்டை.

வாய் தவறி வந்துவிட்டது. டாக்டரம்மா அவசரமாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பெரிய மேடம் மெல்லத் திரும்பி மருமகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் சொன்னார்: "இவளுக்குக் கட்டி ஒண்ணுதான்னு நினைச்சிட்டிருந்தேன். ரெண்டுன்னு இப்பத்தான் தெரியுது." மூன்று பேரும் சிரித்தார்கள். பயந்துகிடந்த இத்தனை நாள் சிரிப்பும் சேர்ந்து வந்ததால் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து கட்டிக்குப் பெயர் மாமியார்.

குடும்பத்தில் யாருக்காவது குடலில் கட்டிகள் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். சில பேருக்கு இது அந்த வழியாக வருமாம். துணுக்கைச் சோதித்ததில் இது தானாக முளைத்த ரகம்தான் என்று தெரிந்திருந்தது. அந்தக் கவலை ஒன்று கழிந்தது.

"சரி, எப்ப எடுக்கறீங்க?" என்றார் பெரிய மேடம்.

"எடுக்கப் போறதில்லை. இப்போதைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். சில மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்போம்."

"சும்மா இருக்கறதுக்கு டாக்டர் எதுக்குங்க? அதை நாங்க வீட்டிலேயே இருந்துப்போமே!"

"வீட்டிலே இருந்தா வெறும் சும்மா. இது கண்கொத்திப் பாம்பா கவனிச்சுக்கிட்டு சும்மா இருக்கறது. நிறைய பேருக்கு இது தானாவே நின்னுடுதும்மா. சில பேருக்குச் சுருங்கவும் செய்யுது."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லிவைத்தவர்கள் யாரும் தோளில் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு சொன்னதாகத் தெரியவில்லை. அந்த மாதங்களில் சுருட்டை விழித்தபடியே கனவு கண்டாள். டிரையர் ஓடும் சத்தத்தில் அவளுக்கு ஸ்கேன் தட்டல் கேட்கும். ஆவி படிந்த கண்ணாடியில் தன் தோள் மட்டும் மலையாக உயர்ந்து, அதன் உச்சியில் ஒருவர் ஜன்னல் திறந்து எட்டிப் பார்ப்பதாகத் தோன்றும். "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு நாள் அதைக் கேட்டேவிட்டாள். தலையில் டவலோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், "ஆச்சு, நீங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மசாஜ் மட்டும் நின்றுபோயிருந்தது. பெரிய மேடத்தின் கை அவள் பக்கமே வரவில்லை.

அடுத்த ஸ்கேனில் அது வளர்ந்திருந்தது. கைக்குப் போகும் நரம்புகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. "ஒரு மாத்திரை இருக்கு, ஆரம்பிக்கலாம். கத்தி வேண்டவே வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. பெரிய மேடத்தின் காதில் 'வளர்ந்திருக்கு' என்பதற்குப் பிறகு ஒன்றும் ஏறவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் வெட்டித் தருகிற ஒரு சர்ஜனைத் தேடிப் பிடித்தார், தேதியும் வாங்கினார், கப்பலுக்கும் சொல்லிவிட்டார். சுருட்டை சரி என்றாள்.

ஏன் சரி என்றாள் என்று கேட்காதீர்கள். அவளுக்குக் கோபமே வராது என்று தெருவே சான்றிதழ் கொடுத்திருந்தது. தங்கமான பொண்ணு! இந்தத் தங்கமான என்ற சொல் இருக்கிறதே, அது எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. அவளுக்குக் கோபம் வரும். வந்ததும் அதை மடித்து உள்ளே வைத்துவிடுவாள், டவல் மாதிரி.

ஆபரேஷன் அன்று காலை, முதுகுப்பக்கம் திறந்த அங்கியில் அவளைக் கண்ணாடி முன் நிற்க வைத்தார்கள். சர்ஜன் இளவயசுக்காரர், நல்லவர், ஒளித்துப் பேசத் தெரியாதவர். மார்க்கர் பேனாவால் அவள் தோளில் கோடு போட்டார். சுருட்டை கண்ணாடியில் பார்த்தாள். கோடு படிக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; எங்கே வகிடு விழுகிறதோ அதுவரைதான் வெட்டு என்பது அவள் தொழில். கோடு கழுத்தடியில் தொடங்கித் தோளைச் சுற்றி அக்குள் வரை இறங்கிக்கொண்டே போயிற்று.

"இவ்வளவுமா டாக்டர்?"

"சுத்திலும் கொஞ்சம் நல்ல தசையையும் சேர்த்து எடுத்தாதான் மிச்சம் இருக்காது. அப்பவும் திரும்ப வராதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா."

"இதுக்கப்புறம் என் கை எவ்வளவு உயரம் வரும்?"

அவர் தன் கையைத் தூக்கிக் காட்டினார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அந்த உயரத்தில் யாருடைய தலையும் இல்லை.

அறையில் குளிர்ச்சாதனம் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. சுருட்டைக்குத் தன்னைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலிருந்தது. யாரோ ஒரு பெண் கண்ணாடி முன்னால் நிற்கிறாள், அவள் மேல் யாரோ ஒரு வகிடு எடுத்திருக்கிறார்கள், அவள் ஏன் இன்னும் நிற்கிறாள்? "மன்னிச்சுக்குங்க டாக்டர்," என்று அந்தப் பெண் சொன்னாள். போய்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். சர்ஜன் தடுக்கவில்லை. அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா என்று சுருட்டைக்குப் பிற்பாடு ஒரு சந்தேகம்.

பஸ் நிறுத்தத்தில் பெரிய மேடம் மூச்சிரைக்க வந்து பிடித்தார். "என்ன காரியம்டி பண்ற? அது அங்கேயே வளர்ந்துக்கிட்டே இருக்கு!"

"இருக்கட்டும் அத்தை. அது என் உயிரை எடுக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. என் கையை அதுவே எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். நானா போய்க் கொடுக்க மாட்டேன்."

பெரிய மேடம் பெஞ்சில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு திடீரென்று சின்னதாகிவிட்டது. தன் இரண்டு கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாராவாரம் பிசைஞ்சு பிசைஞ்சு வளர்த்தது இந்தக் கைதானே. கண்ணு முன்னால அதைப் பார்த்துக்கிட்டு நான் எப்படிடீ இருக்கறது? எடுத்துட்டா தூங்குவேன்னு நினைச்சேன்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். ஜாக்கெட்டுக்கு மேலே தெரிந்த மார்க்கர் கோட்டைப் பின் இருக்கைக்காரர்கள் வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் பெரிய மேடம் முதலில் கேட்டது அந்தப் பிசைதலைப் பற்றித்தான். டாக்டரம்மா தலையை ஆட்டினார். "மசாஜ் பண்ணி யாருக்கும் இது முளைச்சதில்லைம்மா. ஒரே ஒரு செல்லுக்குள்ள, மரபணுவில ஏதோ ஒரு எழுத்து மாறிப்போச்சு. அது யாரோட தப்பும் இல்லை." பெரிய மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து ஒரு கேள்வி அவர் தொண்டைவரை வந்து திரும்பிப் போனதைச் சுருட்டை பார்த்தாள். அதே கேள்வி அவள் தொண்டையிலும் இருந்தது. இருவரும் விழுங்கினார்கள்.

மாத்திரை தொடங்கியது. மாத்திரை என்றால் சும்மா இல்லை, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரிந்தன. கத்தரி வளையத்துக்குள் விரலை விட்டால் கண்ணில் நீர் வந்தது. பகலெல்லாம் ஓர் அயர்ச்சி. மூலை நாற்காலியில் சாய்ந்து, அரைக் கண்ணில் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரிய மேடத்துக்குக் கண் பழைய மாதிரி இல்லை. அதனால் நாற்காலியிலிருந்தபடி, "இடது பக்கம் இன்னும் ஒரு விரல் தூக்குங்க அத்தை. அய்யோ, அவ்வளவு இல்லை!" என்று மருமகள் வாயால் வெட்ட, மாமியார் கையால் வெட்டினார். வாடிக்கையாளர்கள் இதற்காகவே வந்தார்கள். மருமகள் அதட்டி மாமியார் கேட்பதை வேறு எங்கே பார்ப்பது! மத்தியான வேளையில் தரையில் கறுப்பும் நரையுமாக முடி மெல்லப் பறந்து ஒதுங்குவதைப் பார்த்தபடி சுருட்டை தூங்கிப்போவாள். கண் விழித்தால் உள்ளங்கையில் களிம்பு பூசியிருக்கும். பூசியவர் ஒன்றும் தெரியாத மாதிரி பிரஷ் கழுவிக்கொண்டிருப்பார்.

மருந்தின் அளவைக் குறைத்தார்கள், கூட்டினார்கள், சில நாள் நிறுத்தினார்கள். ஸ்கேன்கள் வந்து போயின. வளரவில்லை என்றார்கள் ஒரு முறை. இன்னொரு முறையும் வளரவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், "உங்க தோள் விட்டுக்கொடுக்குது. நீங்கதான் விட மாட்டேங்கறீங்க," என்று சலித்துக்கொண்டாள். சுருட்டைக்குக் கையைத் தூக்கவே பயம். கண்மட்டம் வந்ததும் கை தானாக நின்றுவிடும், அதற்கு மேல் ஏதோ விழித்துக்கொள்ளும் என்பது போல.

பிறகு ஒரு காலையில் டாக்டரம்மா இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய படத்தில் தோளுக்குள் ஒரு வெள்ளை மேகம் பளீரென்று இருந்தது. புதிய படத்தில் மேகம் கொஞ்சம் சின்னதாகி, பெரும்பகுதி கறுத்துப்போயிருந்தது.

"வெள்ளையா இருந்தா விழிச்சிருக்குன்னு அர்த்தம். கறுப்பாச்சுன்னா அடங்கிப்போய் வெறும் நாராயிட்டு வருதுன்னு அர்த்தம். நரம்பை விட்டும் விலகியிருக்கு. மாத்திரையை நிறுத்திட்டுப் பார்க்கலாம். மறுபடி முழிச்சுக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இன்னைக்கு நீங்க முழு அப்பாடா சொல்லலாம்."

யாரும் அப்பாடா சொல்லவில்லை. பெரிய மேடம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கறேன். என்னைச் சமாதானப்படுத்தறதுக்காகச் சொல்லாதீங்க. அன்னைக்கு அந்தக் கிளினிக்ல நான் இவளை இழுத்துட்டுப் போய் வெட்டலைன்னா, இவளுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

டாக்டரம்மா சுருட்டையைப் பார்த்தார். சுருட்டை தரையைப் பார்த்தாள்.

"உறுதியா யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "ஆனா கேட்டுட்டீங்க. காயம் படறது இதை உசுப்பிவிடும். முதல்லயே டெஸ்ட் பண்ணிட்டு வெட்டாம விட்டிருந்தா, சின்னதாவே நின்னுருக்கலாம்."

பெரிய மேடம் தலையை ஆட்டினார். "சரி," என்றார். எழுந்து, கதவைத் திறந்து, வெளியே நீள வராந்தாவில் நடந்தார். சுருட்டை பின்னாலேயே போனாள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், பளபளக்கிற தரை, தரைக்குள் இன்னொரு விளக்கு வரிசை. நடக்க நடக்க வராந்தா நீண்டுகொண்டே போவது போலிருந்தது. நடுவில் பெரிய மேடம் நின்று திரும்பினார்.

"உனக்குத் தெரியும்தானே? முன்னாலேயே?"

"தெரியும்."

"என் மேல கோவம் இல்லையா உனக்கு?"

இல்லை அத்தை என்ற பதில் வழக்கம்போல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சுருட்டை வாயைத் திறந்தாள். வேறு ஒன்று வந்தது.

"இருக்கு."

"எவ்வளவு?"

"நிறைய."

பெரிய மேடம் நீளமாக மூச்சு விட்டார். "நல்ல வேளை. இத்தனை மாசமா நீ ஒரு வார்த்தை சொல்லாம, என் கையால களிம்பு பூசிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு இருந்தது இருக்கே, அதுதான்டி எனக்கு நரகமா இருந்துச்சு. திட்டு."

"இங்கேயா?"

"இங்கேதான். இப்பவே திட்டு."

"ஆள் இருக்காங்க அத்தை."

"இருக்கட்டுமே. அவங்களுக்கும் பொழுது போக வேண்டாமா?"

சுருட்டை அடக்கிப் பார்த்தாள். மடித்து மடித்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் சரிந்தது.

"யாரைக் கேட்டு என்னை அங்கே இழுத்துட்டுப் போனீங்க? நான் வேண்டாம்னு சொல்லலைதான். வேணும்னு சொன்னேனா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உனக்கு என்னடி தோணுதுன்னு கேட்டீங்களா? கப்பல்ல இருக்கறவரைக் கேட்டீங்க, தெருமுனையில இருக்கறவரைக் கேட்டீங்க, என்னைக் கேட்டீங்களா? ரெண்டாம் தடவையும் தேதி வாங்கிட்டு வந்துதானே சொன்னீங்க! இது உங்க பிரஷ் இல்லை அத்தை, உங்க டவல் இல்லை! இது என் தோள்! என்னோடது!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனவர் நின்றுவிட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "ஐயையோ, பெரியவங்க மேல கையை ஓங்கறாளே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரிய மேடத்தின் கண் மருமகளின் முகத்தில் இல்லை. அதற்கும் மேலே, கூரையைப் பார்த்து நின்ற விரல்களில் இருந்தது. கண்மட்டத்தைத் தாண்டி, அந்தச் சுருட்டை முடியையும் தாண்டி, வலது கை அதன் போக்கில் மேலே போய் நின்றிருந்தது. அது தன் கைதான் என்று சுருட்டைக்கு இன்னும் தெரியவில்லை.

"இறக்கிடாதேடி," என்றார் பெரிய மேடம். அழுகையில் குரல் உடைந்தது. "அப்படியே வச்சுக்கோ. இன்னும் கொஞ்சம் திட்டு."